பார்த்தவர் கையெழுத்து

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே உடம்பளவில் எல்லாரும் சுகம். நானும் சாப்பிடுகிறேன், நடக்கிறேன், மாத்திரையை மறக்காமல் போடுகிறேன். மனசளவில் மட்டும் ஒருவன் சுகமில்லை, அவன் கதையைப் பின்னால் எழுதுகிறேன். அங்கே நீ காய்ச்சல் இருமல் இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாயா என்று தெரிந்துகொள்ள ஆசை. இல்லை என்றாலும் ஆமாம் என்றுதான் பதில் எழுதுவாய். அந்தப் புத்தி உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று இந்த இரண்டு நாளாகத்தான் எனக்கு விளங்குகிறது.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அத்தைக்கு இரண்டாவது கண்ணிலும் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தாயிற்று. பார்வை பளிச்சென்று வந்துவிட்டது, இப்போது அதுதான் வம்பு. பதினைந்து வருஷமாக நம் வீட்டுக்கு வந்துபோகிறவள், போன வாரம் வந்து உட்கார்ந்ததும் ஏண்டா தம்பி இந்த வீட்டை யாரும் பெருக்கறதே இல்லையா என்று கேட்டாள். அம்மாவுக்கு வந்ததே கோபம், சமையலறைக்குள் என்னை இழுத்துப்போய் உங்க அக்காவுக்குப் பழைய கண்ணையே திருப்பி வைக்கச் சொல்லுங்க என்றாள். நீ அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு நீ இளைத்துவிட்டாய் என்கிறாள் அத்தை, அத்தனை கம்பளிக்குள்ளே அவளுக்கு எப்படித்தான் தெரிந்ததோ. அம்மாவின் தையல்கூடத்தில் தீயணைப்புக்காரர்களுக்கு இன்னும் அறுநூறு கோட்டு தைக்க வேண்டுமாம், சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறாள், வந்து தோளைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாள். ஒரு நாள் லீவு போடேன் என்றால் அவள் பார்க்கிற பார்வையிலேயே ஊசி இருக்கிறது. சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. பிளம்பர் மூன்று முறை வந்து சரிசெய்துவிட்டார், ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் நன்றாகச் சொட்டுகிறது.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். பனிப்பாலையில் செயற்கைக்கோள்களின் சத்தம் பிடிக்கும் உங்கள் நிலையத்தில் போன் சாப்பாட்டு ஹாலில் இருக்கிறது, நான் பேசுவது உன் சமையல்காரர் வரைக்கும் கேட்கும். அதோடு என் குரலைக் கேட்டால் முதல் வார்த்தையிலேயே நீ கண்டுபிடித்துவிடுவாய். செவ்வாய்க்கிழமை கிளம்பும் தபால் விமானத்தில் இது வந்தால் உன் கைக்குச் சேர இரண்டு வாரம் ஆகும் என்று கணக்குப் போட்டேன். அதற்குள் ராக்கெட் போயிருக்கும். எங்கள் செயற்கைக்கோள் பெட்டி அதில் போயிற்றா இல்லையா என்பதும் உனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். ஏன் அப்படி ஆயிற்று என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து வரிசையாகவே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. வரிசையை விட்டால் நான் எங்கேயாவது ஒரு இடத்தில் நழுவிவிடுவேன், அவ்வளவு பயமாக இருக்கிறது எனக்கு. பயம் எனக்குப் புதிது இல்லை, உனக்கே தெரியும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அம்மா என்னைத்தான் சொல்லுவாள். கல்லூரியில் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் அப்புறம் சார். பேட்டரி குளிர்ந்துபோச்சு, அப்புறம்? கணினி ஒரு தடவை நின்னு மறுபடி ஓடுது, அப்புறம்? என்று வகுப்பில் கேட்டுக்கொண்டே போவேன். இந்த வருஷம் ஒரு வாலு, அப்புறம் கல்யாணம்தான் சார் என்றான், வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் இருபத்திரண்டு வருஷமாகச் சின்ன செயற்கைக்கோள் கட்டக் கற்றுக்கொடுப்பதென்றால் பயப்படக் கற்றுக்கொடுப்பதுதான். மேலே போனதைத் தொட்டுச் சரிசெய்ய முடியாது, அதனால் பயத்தையெல்லாம் கீழேயே பட்டுத் தீர்த்துவிட வேண்டும். இப்படிப் பயந்து பயந்து பிழைத்த மனுஷன், பயப்பட வேண்டிய ஒரு நொடியில் பயப்படாமல் போனேன். அதுதான் விஷயம்.

எங்கள் பெட்டி மூன்றே கால் கிலோ, நீ பிறந்தபோது இருந்த அதே எடை. தராசில் வைத்த அன்று அம்மாவிடம் வந்து சொன்னேன், அது ராத்திரியெல்லாம் அழாதே என்றாள். அதன் ஆண்டெனா, தச்சர் இடுப்பில் செருகியிருக்கும் இரும்பு அளவுநாடாதான், சுருட்டி விட்டால் துள்ளி நிமிரும் அதே நாடா. அதைப் பெட்டியின் வயிற்றோடு மடக்கி ஒரு மெல்லிய நூலால் கட்டுகிறோம். நூலுக்கு அடியில் சூடாகும் கம்பி ஒன்று. ராக்கெட்டிலிருந்து வெளியே தள்ளிய அரைமணி கழித்துக் கம்பி சூடாகி நூல் உருகி அறுந்தால் நாடா நிமிரும், பெட்டி பேசும். நூல் அறவில்லையென்றால் உள்ளே கேமரா எத்தனை நன்றாக வேலை செய்தாலும் அது ஊமைதான். இரண்டு வருஷம் பதினொரு பிள்ளைகள் உழைத்தது ஒரு முழ நூலில் நிற்கிறது.

அந்த நூலை எத்தனை முறை வேண்டுமானாலும் கட்டிச் சூடாக்கிச் சோதிக்கலாம், நாற்பத்து மூன்று முறை சோதித்தோம், நாற்பத்து மூன்று முறையும் அறுந்தது. ஆனால் கடைசியாகக் கட்டும் கட்டை மட்டும் யாரும் சோதிக்க முடியாது. சோதித்தால் அறுந்துவிடும், மறுபடி ஒன்று கட்ட வேண்டும். அதனால்தான் நம் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் வைத்தேன். கடைசிக் கட்டுக்கு இரண்டு பேர். ஒருவர் கட்டுவார், இன்னொருவர் பார்ப்பார். பார்க்கிறவர் தாளில் இருக்கும் வரியை உரக்க வாசிக்க வேண்டும், கட்டுகிறவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். கட்டுவதற்கு முன்னால் பார்க்கிறவர் அதே உருளையிலிருந்து ஒரு முழம் வெட்டி, மாதிரிக் கம்பியில் வைத்துச் சூடாக்கி, உருகுகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். துண்டுச் சோதனை என்று பெயர். கடைசியில் தாளில் இரண்டு கையெழுத்து, கட்டியவர், பார்த்தவர். காணாததைக் கண்டேன் என்று எழுதாதே என்று முதல் வகுப்பிலேயே சொல்லுவேன். இந்தக் கட்டடத்தில் என்னை வேறு எதற்கு மறந்தாலும் இந்தத் தாளுக்காக நினைத்துக்கொள்வார்கள் என்று ஒரு கர்வம்கூட இருந்தது.

கட்டுகிற பிள்ளையை உனக்குத் தெரியும், ஆண்டெனாவிலேயே ஆராய்ச்சி செய்கிறவள், எல்லாரும் நூல்காரி என்று கூப்பிடுவார்கள். போன வருஷம் நீ வந்திருந்தபோது உன் கைக்கடிகாரப் பட்டையைப் பல் குத்தும் குச்சியால் சரிசெய்து கொடுத்தாளே, அவள்தான். மேலேயிருந்து வரும் தகவல் கிடைத்தால்தான் அவள் ஆராய்ச்சி முடியும், பட்டம் வரும். அவளை விட நல்ல கை எங்கள் துறையில் கிடையாது.

கடைசிக் கட்டு போட்டது இன்றைக்குச் சரியாக இருபத்துமூன்று நாள் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின பதினொரு நாள் உன்னிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. உங்கள் பக்கம் பனிப்புயல் என்று மட்டும் தெரியும். தங்கும் கட்டடத்துக்கும் ஆண்டெனாக் கொட்டகைக்கும் நடுவே கயிறு கட்டியிருக்கிறோம், அதைப் பிடித்துக்கொண்டுதான்பா போவோம் என்று நீ முன்பு ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னது, அந்தப் பதினொரு நாளும் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கயிறு அறுந்ததாகவும் நீ கையை நீட்டிக்கொண்டு வெள்ளையில் நடப்பதாகவும் பட்டப்பகலில், பாடம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே, கண்ணுக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்லவில்லை. அவளும் என்னிடம் சொல்லவில்லை. இரண்டு பேரும் குழாய் சொட்டுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்குத் தூசியில்லா அறையில் நானும் அவளும் தொப்பி, கையுறை, மேலங்கி எல்லாம் போட்டுக்கொண்டு நின்றோம். அந்த அறையில் ஏசி எலும்புக்குள் இறங்கும், அதனால் அடியில் என் பழைய பச்சைக் கம்பளிச் சட்டை. உருளையிலிருந்து துண்டை வெட்டினேன். விரலில் சுற்றிக்கொண்டு மாதிரிக் கம்பிப் பக்கம் திரும்பினேன். வெளி அறை மேசையில் என் போன் மினுக்கியது கண்ணாடி வழியே தெரிந்தது. உங்கள் நிலையத்து எண். நான் எப்படி வெளியே வந்தேன், எப்படி மேலங்கியைக் கழற்றினேன் என்று எனக்கு நினைவில்லை. அப்பா, நல்லாத்தான் இருக்கேன், கம்பி அறுந்துபோச்சு, அதான் பேச முடியலை என்றாய். அப்புறம் நீ சொன்ன ஒன்றை மறக்க முடியாது. உங்க பெட்டி முதல் சுத்துல எங்க தலைக்கு மேலதான்பா வருது, அதோட முதல் சத்தத்தை உங்களுக்கு முன்னாடி நான்தான் கேட்கப் போறேன் என்றாய். ஏழு நிமிஷம் பேசினோம். துண்டு எப்போது விரலிலிருந்து நழுவிக் கம்பளிச் சட்டைப் பைக்குள் போயிற்றோ தெரியாது.

திரும்பி உள்ளே போனபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நூல்காரி நூலை எடுத்துவைத்துக்கொண்டு எனக்காக நின்றாள். உறை போட்ட கையால் அதை நெருடிப் பார்த்துவிட்டு, இன்னைக்கு நூல் கொஞ்சம் முரடா இருக்கே, துண்டு உருகிச்சா சார் என்று கேட்டாள். நான் ம் என்றேன்.

அவ்வளவுதான் கண்ணு. ஒரே ஒரு ம். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. நாற்பத்து மூன்று முறை உருகியது இன்றைக்கு மட்டும் உருகாதா என்று கணக்குப் போட்டும் சொல்லவில்லை. நீ உயிரோடு இருக்கிறாய், அதனால் உலகத்தில் எல்லாமே சரியாக இருக்கிறது என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது. உன்னைப் பற்றின பயம் இறங்கியபோது மற்ற பயத்தையெல்லாம் கூடவே இறக்கி வைத்துவிட்டேன். அவள் கட்டினாள், அழகாகக் கட்டினாள், நான் வரி வரியாக வாசித்தேன், துண்டுச் சோதனை என்ற கட்டத்தில் சரி என்று குறித்தேன், பார்த்தவர் என்ற இடத்தில் என் முழுப் பெயரை எழுதினேன். நான்காம் நாள் பெட்டியை அனுப்பிவிட்டோம்.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை. வேலை முடிந்து வந்த அம்மா என் கம்பளிச் சட்டையில் ஒரு பொத்தான் தொங்குவதைப் பார்த்துவிட்டு, இதோட தான் நாலு பேர் முன்னாடி போயிட்டு வரீங்களா என்று பிடுங்கிக்கொண்டாள். பைக்குள் கையை விட்டால் ஒரு முழ நூல். நிறமும் பரவாயில்லை என்று அதையே ஊசியில் கோத்துத் தைத்தாள். முடித்துவிட்டு, நுனி பிரியாமல் இருக்க எப்போதும் செய்வாளே, லைட்டரைக் கொளுத்தி நுனியில் காட்டினாள். நான் எதிரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மறுபடி கொளுத்தினாள். நுனி கருகியது, உருகவில்லை. மூன்றாவது முறை கொளுத்திவிட்டு, அட, இது நம்ம தீயணைப்புக் கோட்டு நூலாச்சே, இதை எதுக்குப் பாக்கெட்ல வச்சிட்டு அலையறீங்க என்றாள்.

பேப்பரை மடித்துக் கீழே வைத்தேன். ஐந்து வருஷம் முன்னால் முதல் வருஷப் பிள்ளைகள் முடிச்சுப் பழகுவதற்கு, சீக்கிரம் அறாத நூலாக வேண்டும் என்று அம்மாவிடம்தான் கேட்டு வாங்கினேன். தையல்கூடத்தில் மிஞ்சிய நூல், நெருப்பில் போட்டாலும் உருகாது. பெரிய உருளை மேசைக்கு இடைஞ்சல் என்று, நல்ல நூல் வரும் அதே சின்ன உருளை ஒன்று காலியாக இருந்ததில் நானேதான் சுற்றி வைத்தேன். அதில் பழகு நூல் என்று சீட்டு ஒட்டியிருந்தது. கடைசிக் கட்டுக்கு முந்தின நாள் வகுப்பில் காட்டுவதற்காக இரண்டு உருளையையும் எடுத்துப்போனேன். சீட்டு உரிந்து என் மேசையில் ஒட்டிக்கிடந்தது, நாளைக்கு ஒட்டிக்கலாம் என்று அவசரத்தில் உருளைகளை அதனதன் பெட்டியில் போட்டேன். எது எந்தப் பெட்டியில் போயிற்று என்று இப்போது சொல்லவேண்டியதில்லை.

அம்மாவிடம், ஏதோ தெரியாமல் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு மீதித் துண்டை வாங்கி வைத்துக்கொண்டேன். அதுவும் ஒரு ம் மாதிரிதான். நேற்றுக் காலையில் அம்மா வேலைக்குப் போனதும் ஆய்வகத்துக்கு ஓடினேன். லீவு நாள், காவலாளி மட்டும் இருந்தார், என்ன சார் சனிக்கிழமையும் பிள்ளைகளை விடமாட்டீங்களா என்று கேட்டார். நல்ல நூல் இருக்க வேண்டிய பெட்டியிலிருந்து உருளையை எடுத்து ஒரு முழம் வெட்டி மாதிரிக் கம்பியில் வைத்தேன். அரை நிமிஷம், ஒரு நிமிஷம், நூல் அசையவில்லை. காற்றில்லாத இடத்தில் கம்பி இன்னும் சூடாகுமே, மேலே ஒருவேளை அறுந்துவிடுமோ என்று ஒரு நப்பாசை. காற்றை உறிஞ்சும் பீப்பாய்க்குள் வைத்து மூடி, கண்ணாடித் துளை வழியாகக் குனிந்து பார்த்தேன். கம்பி சிவந்தது. சாமி சாமி என்று வாய்விட்டே சொன்னேன். கடைசியில் கம்பிதான் எரிந்துபோயிற்று கண்ணு, நூல் அப்படியே இருந்தது. அந்த அறையில் ஸ்டூலில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது, காவலாளி வந்து பார்த்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இனி நான் நினைத்ததையெல்லாம் எழுதுகிறேன், அப்பா இவ்வளவு கேவலமானவனா என்று தோன்றினால் தோன்றட்டும். பெட்டி இப்போது ராக்கெட் ஏவும் இடத்தில், மேலே போனதும் அதை வெளியே தள்ளும் சுருள்வில் வைத்த உறைக்குள் மூடிக் கிடக்கிறது. வியாழக்கிழமை அந்த உறையை ராக்கெட்டில் மாட்டுவார்கள். அதற்கு முன்னால் நான் வாய் திறந்தால் வெளியே எடுக்கலாம். எடுத்தால் ராக்கெட்டில் எங்கள் இடம் போயிற்று, அடுத்த இடம் ஒன்றரை வருஷம் கழித்துக் கிடைத்தால் உண்டு. இந்த இடத்துக்காகத் துறைத் தலைவி இரண்டு வருஷம் ஏறாத படியில்லை. அந்த அம்மா கோபம் வந்தால் கத்தமாட்டார், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். பதினொரு பிள்ளைகள் முகத்தில் எப்படி முழிப்பேன். அப்புறம் சார், அப்புறம் என்ன ஆச்சு என்று நடைவழியில் கேட்டால் என்ன சொல்லுவேன்.

வாய் திறக்காவிட்டால் ஒன்றுமே ஆகாது, அதுதான் இதில் பயங்கரம். பெட்டி மேலே போகும், பேசாது. போன பெட்டியை யார் திரும்பக் கொண்டுவந்து நூலைப் பார்க்கப் போகிறார்கள்? இந்த மாதிரிப் பெட்டிகளில் எத்தனையோ காரணம் தெரியாமல் ஊமையாகப் போயிருக்கின்றன, எங்களுடையதும் அதில் ஒன்று என்று அறிக்கை எழுதுவார்கள். நானே எழுதுவேன், நன்றாகவும் எழுதுவேன். சொன்னால் நூல்காரிக்கும்தானே ஒன்றரை வருஷம் போகிறது, அவளுக்காகவாவது சொல்லாமல் இருக்கலாமே என்றுகூட நேற்று நினைத்தேன், அந்த நினைப்பு வந்தபோது எனக்கே என்னைப் பார்த்துப் பயமாக இருந்தது. இன்னும் ஒன்று. அந்த நேரம் பார்த்து இவள் ஏன் போன் பண்ணினாள் என்று ஒரு மணி நேரம் உன் மேலும் பழியைப் போட்டுப் பார்த்தேன். நிற்கவில்லை. போன் அடித்ததற்கு நீ பொறுப்பு, ம் சொன்னது என் வாய். அதை நீ உன் தலையில் ஏற்றிக்கொள்ளாதே, ஏற்றிக்கொள்வாய் என்று பயந்துதான் அந்த ஏழு நிமிஷத்தை எழுதாமல் விடலாமா என்று முதலில் யோசித்தேன். விட்டிருந்தால் இதுவும் பார்க்காமல் போட்ட கையெழுத்து ஆகியிருக்கும்.

இன்றைக்குக் காலை பத்து மணிக்கு நூல்காரி போன் பண்ணினாள். அவள் கேட்டது ஒன்றுமில்லை, முதல் சத்தம் வரும் நாளில் அவள் அப்பா அம்மாவைக் கட்டுப்பாட்டு அறைக்குள் கூட்டிவரலாமா என்றுதான். அவள் அப்பா லாரி ஓட்டுகிறவர், அதற்காக நாலு நாள் வண்டியை நிறுத்திவிட்டு வருகிறாராம். எம் பொண்ணு போட்ட முடிச்சு மேல போவுதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காரு சார், மானம் போகுது என்று சிரித்தாள். நான் வரட்டும்மா என்றேன். போனை வைத்த பிறகுதான் எனக்குப் பளீரென்று தெரிந்தது. அந்த நாளில் எல்லாரும் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், இரைச்சல்தான் வரும். அப்புறம் எல்லாரும் தாளை எடுப்பார்கள். கட்டியவர் என்ற இடத்தில் அவள் பெயர். முடிச்சு சரியில்லையோ என்று யாராவது ஒருவர் மெதுவாகச் சொல்லுவார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான். அந்த அப்பா முன்னால் அவள் நிற்பாள். நூல் முரடாக இருக்கிறது என்று சொன்னதே அவள்தான், ஆனால் சார் பார்த்தேன் என்றாரே என்று, தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு வாழ்நாளெல்லாம் இருப்பாள். அங்கே நீயும் காதில் மாட்டிக்கொண்டு, நடுங்கிக்கொண்டு, வராத சத்தத்துக்காக ஆண்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பாய்.

இதுவரை எழுதிவிட்டுப் பேனாவை வைத்தபோது அம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ தெரியவில்லை. வெள்ளிக்கிழமையிலேர்ந்து மூணு நாளா ஒரு நூலைப் பாத்து பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க, குடுங்க இப்படி என்று தாள்களை வாங்கிக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, முதலிலிருந்து படித்தாள். அவள் படித்து முடிக்கிற வரைக்கும் நான் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். நாளைக்குத் துறைத் தலைவியிடம் முதலில் சொல்லிவிட்டு அப்புறம் அவளிடம் சொல்லலாம் என்றிருக்கிறேன், சொன்னால் அவளுக்கும் நஷ்டம்தானே என்று இழுத்தேன். நஷ்டம் வேற, பழி வேற, நஷ்டத்தைத் தாங்கிக்கலாம் என்றாள். கைத்தொழில் பண்றவங்களுக்குத் தன் கை மேல சந்தேகம் வந்துட்டா அப்புறம் ஊசியைத் தொட முடியாதுங்க, அவகிட்ட முதல்ல சொல்லுங்க, இன்னைக்கே சொல்லுங்க, நாளைக்குன்னா நீங்க மறுபடி எதையாவது ஒட்டிக்கலாம்னு விட்டுடுவீங்க என்றாள். உரிந்த சீட்டைத்தான் சொல்கிறாள், படித்தது அதற்குள் ஆயுதமாகிவிட்டது பார்.

போன் பண்ணினேன். வீட்டுக்குக் கொஞ்சம் வரமுடியுமா என்றேன். ஏதாவது நல்ல சேதியா சார், குரலே ஒரு மாதிரி இருக்கே என்று சந்தோஷமாகக் கேட்டாள். வாம்மா என்று வைத்துவிட்டேன். பஸ்ஸில் நாற்பது நிமிஷம். அதில் இருபத்தைந்து நிமிஷம் போயிற்று. அம்மா டீ போட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் நேரே துறைத் தலைவியிடம் போகலாம் என்றால் போவேன். என்னை இனி அந்த அறைக்குள் விடவேண்டாம் என்று அவர்கள் முடிவு செய்தாலும் அது நியாயம்தான், ஆனால் பயமில்லை என்று பொய் சொல்லமாட்டேன். இருபத்திரண்டு வருஷமாகப் போய்வந்த அறை.

இந்தக் கடிதத்தோடு அந்தத் துண்டில் பாதியை மடித்து வைத்திருக்கிறேன். முடிந்தால் அங்கே கொளுத்திப் பார், கை சுட்டுக்கொள்ளாதே. நீ எங்கே இருந்தாலும் உன் தலைக்கு ஒரு கெடுதலும் வராமல், போன கால் பத்திரமாகத் திரும்பி, நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. கொட்டகைக்குப் போகும்போது கயிற்றின் இரண்டு முனையிலும் முடிச்சை நீயே தொட்டு இழுத்துப் பார்த்துவிட்டுப் போ. பார்த்தாச்சா என்று கேட்டு யாராவது ம் என்று சொன்னால் நம்பாதே, நானே சொன்னாலும் நம்பாதே. கதவு தட்டுகிற சத்தம் கேட்கிறது, எழுந்திருக்கிறேன்.

எழுதியவர்,
உன் அப்பா

மகளே, இனி என் எழுத்து. மேலே இருப்பதை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தடவை படித்தேன். துண்டை மறுபடியும் கொளுத்தினேன், உருகவில்லை. அந்தப் பெண் வந்தாள். உன் அப்பா நின்றுகொண்டே சொன்னார், உட்காருங்கள் என்று சொல்லியும் உட்காரவில்லை. அந்த ம்மையும் சொன்னார், சீட்டையும் சொன்னார், நீ போன் பண்ணியதையும் சொன்னார், ஒரு வரி விடவில்லை. அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு லைட்டரை என்னிடம் கேட்டு வாங்கித் தானே கொளுத்திப் பார்த்தாள். அப்போ என் கை தப்பு சொல்லலை சார் என்றாள், அதற்குப் பிறகுதான் அழுதாள். டீ ஆறிப்போய்க் கிடக்கிறது. இரண்டு பேரும் இப்போது துறைத் தலைவி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள், அவர் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு போகிறார், பொத்தானை நான்தான் மாட்டிவிட்டேன். என்ன ஆகுமோ எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் சொன்னதை என் கண்ணால் பார்த்தேன், அதனால் கையெழுத்துப் போடுகிறேன்.

பார்த்தவர்,
அம்மா